முப்பத்தொரு துண்டு வீடு

2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். இங்கே அது குளிர்காலம். தூறல். மேற்கிலிருந்து காற்று விட்டுவிட்டு வீசியது. எங்கள் வெளிச்சுவரில் தொங்கும் வெப்பமானி பதினொரு பாகை காட்டியது. அது எப்போதும் ஒரு பாகை கூட்டித்தான் காட்டும் என்பதால் பத்து என்று வைத்துக்கொள்ளலாம். மவுண்ட் வெல்லிங்டனில் எட்டு வீடுகள் கொண்ட எங்கள் வளவில், பக்கத்து வீட்டுப் பின்முற்றத்தில் நின்று, எழுபத்தாறாவது வயதில் முதன்முறையாக ஒரு பார்பிக்யூ அடுப்பைப் பற்றவைத்தேன். நான் பிறப்பிலிருந்தே மச்சம் தொடாதவன். அந்த அடுப்பில் இறைச்சி எதுவும் வேகவில்லை. இறந்துபோன ஒரு தச்சருக்கு அதன் வழியாக ஒரு வீட்டை அனுப்ப வேண்டியிருந்தது.

தொடக்கம் அதற்குப் பதினான்கு நாள் முந்தியது. ஆகஸ்ட் 4 ஆடி அமாவாசை. தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருக்கும் நாள். அன்று காலை கோயிலில் அப்பாவுக்கும், அவருடைய அப்பாவுக்கும், அவருடைய அப்பாவுக்குமாக மூன்று தலைமுறைக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். ஐயர் வழக்கம்போல் கடைசியில் இன்னும் ஒன்றைச் சேர்த்து நீட்டினார். என் கணக்கில் மூன்றோடு முடியவேண்டியது ஏன் ஒவ்வொரு வருடமும் நாலாகிறது என்று எரிச்சல்பட்டுக்கொண்டே அதையும் இறைத்தேன். திரும்பி வந்து காரை விட்டு இறங்கும்போது பசி வயிற்றைக் கிள்ளியது. வீட்டில் காத்தோட்டிக்காய் பொரித்து வைத்திருப்பாள் மனைவி. இந்த ஒரு நாளைக்கென்றே நாங்கள் தேடிப்பிடித்துச் சாப்பிடும் கசப்புக்காய் அது. வாசலுக்குப் போகுமுன் என் வெள்ளை வேட்டியில் சாம்பல் பறந்துவந்து விழுந்தது. எண்ணினேன், ஏழு துணுக்குகள்.

பொதுப்பாதையில் ஒரு பால்மா டின்னுக்குள் பக்கத்து வீட்டுப் பெண்மணி காகிதம் எரித்துக்கொண்டிருந்தார். மலேசியச் சீனர். எழுபத்தொரு வயது. வாடகைக்கு வந்து நாலு வருடம். கணவர் ஈஸ்ட் டாமாக்கியில் சமையலறை அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் தச்சராக இருந்தவர்; போன நவம்பரில் மாரடைப்பில் போய்விட்டார். உயிரோடிருந்தவரை அவர் செவ்வாய் இரவுகளில் தன் குப்பைத்தொட்டியோடு எங்களுடையதையும் தெருவுக்கு உருட்டி வைப்பார். நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவர்களோடு எங்களுக்கு இருந்த பழக்கம் ஒரு ஹலோவும் வானிலையும்தான்.

வளவின் நிர்வாகக் குழுவுக்கு நான் செயலாளர். வேறு யாரும் வர விரும்பாததால் ஒன்பது வருடமாக நானே. விதிகளை எழுதியவனும் நானே. பொதுப்பாதையில் தீ மூட்டக்கூடாது என்பது பதினாலாவது விதி. சாப்பிடுமுன்னே உட்கார்ந்து கடிதத்தை அடித்தேன். மறுபடி எரித்தால் வீட்டு உரிமையாளருக்கு அறிவிக்கப்படும் என்று கடைசி வரி. குழுவின் மற்ற இருவரும் ஒரு மணி நேரத்தில் மின்னஞ்சலில் ஒப்புதல் தந்தார்கள். ஒன்பது வருடத்தில் அவ்வளவு விரைவாக அவர்கள் எதற்கும் ஒப்பியதில்லை.

மறுநாள் திங்கள் மாலை நாலரைக்குக் கடிதத்தைக் கொடுக்கப் போனேன். நான் வாய் தவறிவிடுவேன் என்று மனைவியும் கூடவே வந்தாள். கதவு திறந்தது. நான் கடிதத்தை நீட்டி ஆங்கிலத்தில் விதியை விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, இது பசித்த ஆவிகள் வரும் மாதம், பதினைந்தாம் நாள் கணவர் வருவார், அவருக்கு ஒரு வீடு எரித்து அனுப்ப வேண்டும் என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். நான் மனைவி பக்கம் திரும்பி, மெதுவாகத்தான், “இதென்ன பேய்க்கதை” என்றேன்.

யாழ்ப்பாணத்தில் பேய்க்கதை என்றால் மடத்தனமான பேச்சு. பேயைப் பற்றிய கதைக்கும் அதுதான் சொல் என்பது எங்களுக்கு நினைவிலேயே இருப்பதில்லை.

பெண்மணியின் முகம் மலர்ந்தது. “பேய்க் கதையா? கேக்கணுமா? உள்ள வாங்க அண்ணே, உக்காருங்க, சொல்றேன்” என்றார், தமிழில்.

நான் வாசலிலேயே நின்றேன். மனைவிதான் முதலில் கேட்டாள். “உங்களுக்குத் தமிழ் தெரியுமோ?”

“தெரியும்லா. நான் பேராக்குல தோட்டத்துல பொறந்தவ. ரப்பர் தோட்டம். எங்கப்பா அங்க மளிகைக் கடை வெச்சிருந்தாரு. சுத்தி எல்லாம் தமிழாளுங்கதான்.”

“அப்ப, நாங்கள் வேலிக்கு இஞ்சால நிண்டு கதைச்சதெல்லாம்…”

“கேட்டேன். கொழம்புல உப்புக் கூடன்னு அண்ணன் சொன்னது, அண்ணனுக்குக் காது போச்சுன்னு நீங்க சொன்னது. என் கருவாட்டு நாத்தமும் கேட்டேன்.”

மனைவி தரையைப் பார்த்தாள். கருவாட்டைப் பற்றிச் சொன்னவன் நான்.

“ஏன் ஒண்டும் சொல்லேல்ல நீங்கள்?”

“சொன்னா நிப்பாட்டிருவீங்க. எங்க தோட்டத்துச் சத்தம் மாரியே இருந்துச்சு. உங்க தமிழு கொஞ்சம் வேற மாரி. ஆனா சண்டை ஒண்ணுதான்லா.”

எங்களை உள்ளே உட்காரவைத்து, கடிதத்தை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டே கதையைத் தொடங்கினார். புத்தருக்கு ஒரு சீடர். எங்கோ நடப்பதை இருந்த இடத்திலிருந்தே பார்க்கக்கூடிய கண் அவருக்கு வாய்த்தது. “அந்தக் கண்ணு கெடச்சதும் மொதல்ல யாரைத் தேடுவீங்க? அம்மாவைத்தான்.” தேடிப்பார்த்தால் இறந்துபோன அம்மா பசித்த பேய்களின் நடுவே இருக்கிறாள். “கழுத்து ஊசி மாரி. வயிறு தண்ணித் தோம்பு மாரி. மகன் சோறு கொண்டுபோறான். அந்தம்மா ஒரு கையால சோத்தை மறைச்சுக்கிட்டு, இன்னொரு கையால எடுத்து வாய்கிட்ட கொண்டுபோறா. மத்த பேய்ங்க புடுங்கிருமேன்னு பயம். வாய்க்குப் போகுமுன்ன சோறு நெருப்பாயிடுது.”

“ஏன் மறைச்சவ?” என்றாள் மனைவி.

“அதானே பிரச்சனை. உயிரோட இருந்தப்பவும் மறைச்சவதான்லா.”

மகன் அழுதுகொண்டு புத்தரிடம் போகிறான். உன் ஒருவனால் ஆகாது என்கிறார் புத்தர். மழைக்காலம் முழுவதும் உள்ளேயே தவமிருந்த துறவிகள் எல்லாரும் வெளியே வருகிற நாளில், அத்தனை பேருக்கும் உணவு கொடு. எல்லாரும் சேர்ந்து வேண்டினால் அவள் மீள்வாள்.

“எத்தினை துறவியள்?” என்று கேட்டேன்.

“நான் எண்ணலலா அண்ணே” என்றார்.

கூடத்தின் மூலையில் ஒரு பெட்டி கிடந்தது. கோலாலம்பூரிலிருந்து தங்கை அனுப்பிய காகித வீடு: இரண்டு மாடி, சிவப்புக் கூரை, சுற்றுமதில், வாசலில் ஒரு காகித நாய். சீனக் கணக்கில் ஆவிகள் வரும் இந்த ஏழாம் மாதம், கணவர் இறந்தபின் வரும் முதலாவது. அவர் வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் வீட்டுக்கு அலுமாரி செய்தவர். சொந்த வீடு வாய்க்கவில்லை. நகரின் மறுகோடியில் சீனக் கோயில் இருக்கிறதே, அங்கே எரிக்கலாமே என்றேன்.

“அங்க அவருக்கு வழி தெரியாது. ரெண்டு பஸ் மாறணும்” என்றார். பிறகு மடித்த கடிதத்தைப் பார்த்தார். “அவருக்கு வீடு அனுப்பினா எனக்கு வீடு போயிடும். என்னா செய்யறது?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

வீட்டுக்கு வந்து நாட்காட்டியை எடுத்தேன். விதியைத் தளர்த்தக் குழு கூட வேண்டும். கூட்டத்துக்குப் பதினாலு நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதுவும் நான் எழுதிய விதிதான். ஆகஸ்ட் 5 முதல் 18 வரை பதின்மூன்று நாள்.

“ஒரு நாள்தானே. தேதியை மாத்திப் போடுங்கோ” என்றாள் மனைவி.

“அது பொய்யெல்லே.”

“ஓம், நீங்கள் பொய் எழுத மாட்டியள். பசியோட எழுதினா மட்டும் ஒரு மனிசியின்ர வீட்டைப் பறிப்பியள்.”

“நீர் கொஞ்சம் சும்மா இரும்.”

அவள் சும்மா இருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. மறுநாள் நூலகத்துக்குப் போனேன். நாலு நாளில் பதினொரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

படித்ததில் எனக்கு விளங்கியவரை, அந்த ஒரு நாளில் மூன்று ஆறுகள் கலக்கின்றன. மிகப் பழையது, புதுத் தானியம் வந்ததும் முன்னோருக்குப் படைக்கும் சீனர்களின் வழக்கம். இரண்டாவது, வானம், பூமி, நீர் என்று மூன்று தேவ அதிகாரிகளை வைத்திருக்கும் தாவோ சமயம். அதில் பூமிக்கு உரியவர் பிழை பொறுப்பவர். ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள் அவருக்குரியது. மூன்றாவது, இந்தியாவிலிருந்து போன பௌத்தம். மழைக்காலத்தில் துறவிகள் ஊர் சுற்றாமல் ஓரிடத்தில் தங்குவது நம் பக்கத்து வழக்கம். அந்தத் தங்கல் முடியும் நாள்தான் கதையில் அம்மா மீளும் நாள். பண்டிகையின் சீனப் பெயர்கூட ஒரு வடசொல்லின் சிதைவாம். தலைகீழாகத் தொங்குவது என்று பொருள் என்கிறார்கள் சிலர், இல்லை என்கிறார்கள் வேறு சிலர். நான் முதல் கட்சி. பிள்ளையில்லாதவனின் முன்னோர் ஒரு குழிக்குள் தலைகீழாகத் தொங்கும் காட்சி நம் புராணத்திலும் உண்டு. சிறுவயதில் அதைக் கேட்டு இரண்டு இரவு நான் தூங்கவில்லை. எனக்கு இரண்டு பெண்கள், ஒருத்தி சிட்னியில், ஒருத்தி இங்கே பக்கத்தில் எப்சமில். எனக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கப்போகிறவர் எத்தனை பேர் என்று பல தடவை கணக்குப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பூச்சியம்தான் வந்தது.

இன்னொன்றும் கண்டேன். அந்த வருடம் எங்கள் அமாவாசையும் அவர்கள் ஏழாம் மாதத்தின் முதல் நாளும் ஒரே நாள். நான் எள் இறைத்துவிட்டு வந்த அதே பகலில்தான் அவர் தன் கணவருக்கு வாசல் திறந்து வைத்திருக்கிறார். அந்தச் சாம்பலைத்தான் நான் வேட்டியில் எண்ணினேன்.

இதையெல்லாம் அவரிடம் போய் ஒப்பித்தேன். எது புத்தருடையது, எது தாவோ என்று கேட்டேன்.

“அதெல்லாம் பொஸ்தகத்துலலா. வீட்டுல ஒண்ணுதான்” என்று தேநீர் ஊற்றினார். பிறகு அவராகவே ஒன்றைச் சொன்னார். தோட்டத்துக் கடைவாசலில் அவருடைய அப்பா அந்த நாளில் இரண்டு வரிசை படையல் வைப்பாராம். ஒன்று தன் ஆட்களுக்கு. மற்றது ஆளில்லாதவர்களுக்கு. அந்த இரண்டாவது வரிசையில் ஒரு வாழை இலை போட்டு, சோறும் கறியும் வைத்து, பக்கத்தில் ஒரு பீடியும் தீப்பெட்டியும் வைப்பாராம்.

“பால் மரம் வெட்ட வந்து, கலியாணம் கட்டாம, ஊருக்கும் போகாம, அப்படியே லயத்துல செத்துப்போனவங்க எத்தன பேரு. அவங்களுக்கு யாரு இருக்கா? சீனச் சாப்பாடு அவங்களுக்குப் புடிக்காதுன்னு அப்பா சொல்லுவாரு. அம்மா அன்னிக்கு மட்டும் மீன் கறி ஆக்கும்.”

“எத்தினை இலை?”

“ஒண்ணுதான் அண்ணே. யாருக்குன்னு பேரு கெடையாது. வந்தவங்க சாப்பிடணும். எண்ணக்கூடாது.”

நான் தேநீரைக் குடித்து முடிக்கவில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது மலாயாவுக்குப் போய்க் கடிதம் நின்றுபோனவர் இருப்பார். எங்கள் வீட்டில் அவர் அப்பாவின் அண்ணர், என் பெரியப்பா. கிளார்க் வேலைக்குப் போனவர். சுருட்டுப் பிரியர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. திதி தெரியாததால் அவருக்கு யாரும் எதுவும் செய்ததில்லை. என் மூன்று தலைமுறைக் கணக்கில் அவர் வரமாட்டார். அன்று இரவுதான் ஐயர் கடைசியாகச் சேர்க்கும் அந்த நாலாவதன் பொருளைத் தேடிப் பார்த்தேன். தாயோ தந்தையோ உறவோ இல்லாமல் போனவர்கள் யாராயினும் இந்தத் தண்ணீரால் நிறைவு அடையட்டும் என்பது அது. நாற்பத்தொரு வருடம் எரிச்சலோடு இறைத்திருக்கிறேன். ஒரு மளிகைக் கடைக்காரர் அதை இலை போட்டு, பீடி வைத்துச் செய்திருக்கிறார்.

பதினாலாவது விதியை மறுபடி எடுத்து வரி வரியாகப் படித்தேன். தடை பொதுப்பாதைக்கு. தனி முற்றங்களில் மூடியுள்ள அடுப்பு மூட்டலாம், அதில் உணவு சமைக்கப்படுமானால். பார்பிக்யூ போடுகிறவர்களுக்காக நானே சேர்த்த வரி. மறுநாள் காலை கடை திறக்கும்போது வாசலில் நின்றேன்.

வாங்கிவந்த அடுப்பு வட்டமானது. அதன் குறுக்களவு நாற்பத்தேழு சென்டிமீட்டர். வீட்டின் உயரம் அறுபத்திரண்டு. உள்ளே போகாது. இரண்டு தடவை அளந்தேன். நசுக்கிப் போட்டுவிடலாம் என்றேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து அந்த யோசனையை விட்டேன்.

நான் இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்தவன். இங்கே பத்தொன்பது வருடம் ஒரு கிட்டங்கியில் பெட்டி எண்ணினேன். சனிக்கிழமை பகல் முழுவதும் அவருடைய கூடத்தில் உட்கார்ந்து, பசை விட்ட மடிப்புகளை வெந்நீர் ஆவியில் பிரித்து வீட்டைக் கழற்றினேன். முப்பத்தொரு துண்டுகள். ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் எண்ணிட்டு, எது எதோடு சேரும் என்று அம்புக்குறி போட்டேன். தனித் தாளில் ஒரு வரைபடமும் வரைந்தேன்: முன்தோற்றம், பக்கத்தோற்றம், அளவுகள்.

அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “நம்பர் இருந்தா போதும் அண்ணே. அவரு ஒரு மணி நேரத்துல பூட்டிருவாரு. தொழிற்சாலையில இப்படித்தான் வரும்.” சற்று நேரம் கழித்து, “திருகாணி அனுப்பணுமா?” என்றார். மனைவி விழுந்து சிரித்தாள். நான் யோசித்தேன். காகிதத்தில் திருகாணி எதற்கு, பசை போதும் என்று முடிவு செய்து, பசைக்குழாய் ஒன்றைப் படமாக வரைந்து முப்பத்திரண்டாவதாகச் சேர்த்தேன்.

ஞாயிறு மாலை முற்றத்தில் வாளி நிறையத் தண்ணீரும், நனைத்த துவாய் இரண்டும் வைத்துக்கொண்டேன். விதிக்காக இரண்டு கூமராக் கிழங்குகளைக் கம்பித்தட்டின் ஓரத்தில் வைத்தேன், உணவு சமைக்கப்பட்டது. வரைபடம் முதலில் போனது. பிறகு ஒன்று, இரண்டு என்று வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் நான் எண்ணைப் படித்தேன். அவர் கணவரிடம் சீனத்தில் ஏதோ சொல்லிப் போட்டார். நான் மூடியை மூடினேன்.

பதினெட்டாவதை நீட்டும்போது காற்று பிடுங்கிக்கொண்டது. மேல்மாடிக்குப் போகும் படிக்கட்டு. வேலியைத் தாண்டி மூன்றாம் வீட்டுச் செடிகளுக்குள் போய்விட்டது.

“விடுங்கண்ணே, சின்னத் துண்டுதானே.”

“அப்ப மனிசன் மேல எப்பிடி ஏறுறது?” என்றேன்.

நான் கைவிளக்கோடு போய், ஈரத்தில் முழங்கால் போட்டுத் தேடினேன். ஒன்பது நிமிடம். மனைவி வேலிக்கு இப்பாலிருந்து, “இடுப்புப் பிடிச்சா நான் தூக்க மாட்டன்” என்று சொல்லிக்கொண்டே மற்றொரு விளக்கைப் பிடித்தாள். செடியடியில் நனைந்து கிடந்தது. கூமராக்களுக்குப் பக்கத்தில் இடுக்கியில் பிடித்துக் காயவைத்தேன். என் எண் கலங்கியிருந்தது. மேலே மறுபடி எழுதினேன். அது பற்றியெரியும்போதுதான் அவர் அழுதார். சத்தமில்லை. மழை என்று நினைத்துக்கொள்ளும்படியாகத்தான்.

கடைசியில் வாசலோரம் இரண்டாவது வரிசை. சோற்றுக் கிண்ணங்கள், தோடம்பழம், ஊதுபத்திகள். பத்திகளை எண்ணத் தொடங்கி இருபத்திரண்டில் நிறுத்திக்கொண்டேன். மனைவி கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் ஓர் இலையில் வைத்தாள். கடையில் விற்கும் உறையவைத்த வாழையிலை. இலைக்குப் பக்கத்தில் நான் ஒரு சிகரெட்டை வைத்தேன். சுருட்டு எங்கேயும் கிடைக்கவில்லை. வாழ்நாளில் சிகரெட் தொட்டறியாதவன் மூலைக்கடையில் போய் அடையாள அட்டையை நீட்டியதைப் பார்த்து கடைக்காரர் சிரித்தார். பெரியப்பாவின் பெயரைச் சொல்லவில்லை. வந்தவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

பெண்மணி இறந்தவர்களுக்கு எரித்து அனுப்பும் காகிதப்பணத்தில் மிச்சமிருந்த கட்டுகளை அடுப்பில் போட்டார். ஒரு தாளில் பத்துக் கோடி என்று அச்சிட்டிருந்தது. “அடுப்புக் காசை எப்படித் தர்றது? உங்களுக்கு இதுல ஒரு கட்டு போடலாம்னா, உயிரோட இருக்கவங்களுக்கு அனுப்பக்கூடாது. அப்புறமா அனுப்புறேன்.”

“எப்ப?”

“அவசரப்படாதீங்க அண்ணே. நான் உங்களை விட அஞ்சு வயசு சின்னவ. கண்டிப்பா அனுப்புவேன். வீடு வேணுமா, கட்டு மட்டும் போதுமா?”

“வீடெண்டால் நம்பர் போட்டு அனுப்புங்கோ” என்றேன்.

கூமராக்கள் வெந்திருந்தன. மூவரும் நின்றபடியே பிய்த்துத் தின்றோம். படையலில் வைக்க மறந்துவிட்டோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுப்பு தொண்ணூற்றொன்பது டாலர். கூமரா மூன்று டாலர் எண்பது. இருபது சிகரெட் கொண்ட பெட்டி நாற்பத்திரண்டு ஐம்பது. பத்தொன்பது இன்னும் இருக்கின்றன, வருடத்துக்கு ஒன்றாக. லைட்டர் நான்கு. மொத்தம் நூற்று நாற்பத்தொன்பது டாலர் முப்பது சதம்.